அண்மையை அறியும் கண்கள்

  

நம் ஊர்த் தேர் நிலைக்கு வரும் காட்சியை நாமெல்லோரும் கண்டிருக்கிறோம். வீதி நெடுகிலும் வடம் பிடிப்போரின் பார்வை போதும். நிலையை நெருங்கியதும், சக்கரத்தருகே முட்டுக்கட்டையுடன் நிற்பவரின் கண்ணே தேரை நடத்தும். தொலைவுக்கு ஒரு கண், அண்மைக்கு ஒரு கண். விண்வெளியில் ஆளின்றி இயங்கும் எந்திரங்களுக்கும் இதுவே விதி.

2024 டிசம்பர் 30ஆம் நாள், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் ஸ்பேடெக்ஸ் முயற்சிக்கென இரு செயற்கைக்கோள்களை ஏவிற்று. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 220 கிலோ எடையுடையது. நாம் வாழும் இவ்வைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அனந்த் டெக்னாலஜீஸ், தன் பெங்களூர்க் கூடத்தில் அவற்றை ஒருங்கிணைக்கும் பணியை ஏற்றது நமக்கும் பெருமையே. மணிக்கு 27,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவில் பறக்கும் அவை, வினாடிக்கு 10 மில்லிமீட்டர் அளவில் மெல்ல நெருங்கி இணைய வேண்டும்!

இதற்கு எந்த உணர்கருவியைத் தேர்வது? தரையிலுள்ள எந்திரங்கட்குப் பயன்படும் ஒலியலைக் கருவி அங்கே உதவாது. காற்றில்லாத வெளியில் ஒலி செல்வதில்லை. ஒளியை நம்பலாம். அதிலும் ஒரு கருவி எல்லாத் தொலைவுக்கும் பொருந்துவதில்லை. ஆகவே 6,000 மீட்டரிலிருந்து 200 மீட்டர் வரை லேசர் தொலைவளவி. 2,000 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை சந்திப்பு உணரிகள். 30 மீட்டரிலிருந்து 40 சென்டிமீட்டர் வரை அண்மை உணரி. இறுதி 8 சென்டிமீட்டருக்குள் இணைப்பை அறியும் தனிக்கருவி என வகுத்தனர். முதல் மூன்றின் எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருத்தலைக் கருதுக. ஒன்று விடுமுன் மற்றொன்று பற்ற வேண்டும்.

இப்பொறுப்பு மாற்றம் தவறினால் என்னாகும்? 2005 ஏப்ரலில் அமெரிக்காவின் டார்ட் கலம், தன் இருப்பிடத்தைப் பிழையாகக் கணித்தது. அண்மைக் கருவி முழுப் பொறுப்பேற்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டது. நெருங்கிச் சுற்றிவர வேண்டிய செயற்கைக்கோளின் மீதே மோதிற்று.

நம்மவர் விரையவில்லை. 2025 ஜனவரி 7 என்று குறித்த நாளை 9க்கு மாற்றினர், அதனையும் தள்ளிவைத்தனர். 12ஆம் நாள் 3 மீட்டர் வரை நெருங்கச் செய்து, மீண்டும் விலக்கி, கிடைத்த அளவுகளை ஆராய்ந்தனர். 16ஆம் நாள் இரண்டும் இணைந்தன. மார்ச் 13ஆம் நாள் நலமே பிரிந்தன.

சந்திரயான்-4 நிலவின் மண்ணைக் கொணரவும், நமக்கென ஒரு விண்வெளி நிலையம் எழவும் இவ்விணைப்புக் கலையே அடிப்படை. கருவியைத் தேர்வோர் அதன் திறனை மட்டும் நோக்கினால் போதாது; எங்கே அதன் பார்வை முடிகிறது, அங்கே பொறுப்பேற்பது எது என்பதையும் முன்னரே வகுத்தல் வேண்டும். இச்சங்கத்து மாணவச் செல்வங்கள் இத்துறையில் புகுந்து சிறக்க வேண்டுமென விழைகிறோம்.