நாளிதழ் விண்வெளிக் கதைகளும் மறுபதிப்புகளும்



பத்தாம் ஆண்டு விழாவில் சித்திரக்கதைகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நண்பர்கள் சிலர் புன்னகைத்தார்கள். அத்தகைய புன்னகையை ஒன்பது வயதில் எதிர்கொண்ட ஒரு சிறுவனிடமிருந்தே தொடங்குகிறேன்.

1929 சனவரி 7 அன்று அமெரிக்க நாளிதழ்களில் 'பக் ரோஜர்ஸ்' என்னும் தொடர் தொடங்கியது. பிலிப் நௌலன் எழுத, டிக் கால்கின்ஸ் வரைந்தார். ஐந்து நூற்றாண்டுகள் உறங்கி எழுந்த ஒருவன் காணும் எதிர்காலமே கதை. இலினாய் மாநிலத்து வாக்கீகன் ஊரில் அச்சிறுவன் அதை நாள்தோறும் கத்தரித்துச் சேர்த்தான். பள்ளித் தோழர்கள் எள்ளி நகையாடவே, நாணமுற்று, சேர்த்தவற்றையெல்லாம் கிழித்தெறிந்தான். பின்னர் அழுதான். நகைத்தவர்கள் தன் நண்பர்களே அல்லர் என்று தெளிந்து, மீண்டும் சேர்க்கலானான். அவனே பின்னாளில் ரே பிராட்பரி. நூல்களை எரிக்கும் சமுதாயத்தைப் பற்றி எழுதியவர், தாமே கிழித்த தாள்களுக்காக அழுதவர் என்பதை நான் மறப்பதில்லை. 1969இல் 'பக் ரோஜர்ஸ்' பெருந்தொகுப்பாக வெளிவந்தபோது முன்னுரை எழுதியவரும் அவரே.

ஆனால் நாளிதழ் ஒருநாள் வாழ்வுடையது. மரக்கூழில் செய்த தாள் பழுத்து நொறுங்கிவிடும். நூலகங்கள் கட்டமைத்து வைத்திருந்த தொகுதிகளுக்கும் ஆபத்து வந்தது. இடநெருக்கடியைக் காட்டி, இதழ்களைக் கறுப்பு வெள்ளை மைக்ரோஃபிலிமில் படமெடுத்தபின் மூலத்தைக் கழித்துவிட்டார்கள். ஞாயிறு மலரின் வண்ணப் பக்கம் அதில் வெறும் கருநிழல். அலெக்ஸ் ரேமண்ட் 1934 முதல் வரைந்த 'ஃபிளாஷ் கார்டன்' போன்ற தொடருக்கு இது மரண தண்டனைக்கு ஒப்பானது. தூரிகையும் வண்ணமுமே அதன் உயிர்.

இங்குதான் பில் பிளாக்பியர்ட் என்னும் மனிதர் வருகிறார். நூலகங்கள் தனிமனிதருக்குத் தரமாட்டா என்று அறிந்ததும், 1960களின் இறுதியில் சான்பிரான்சிஸ்கோவில் தம் வீட்டையே ஒரு கழகமாகப் பதிவு செய்துகொண்டார். கழிக்கப்பட்ட தொகுதிகளை ஏற்றி வந்து அறை அறையாக நிரப்பினார். 1998இல் அச்சேமிப்பு ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகம் சென்றபோது ஆறு பெருலாரிகள் தேவைப்பட்டன. எடை 75 டன். பிற்காலத்து மறுபதிப்புகள் பலவற்றுக்கு மூலம் அவர் காத்த தாள்களே. 2011இல் மறைந்தார்.

எந்த மறுபதிப்பை வாங்குவது? வழவழப்பான தாளில் புதிதாக வண்ணம் தீட்டியவற்றை நான் விரும்புவதில்லை. புள்ளி புள்ளியாக மங்கிய பழைய வண்ணத்தை அவை சந்தைக் கூச்சலாக்கிவிடுகின்றன. ஃபிளாஷ் கார்டன் வெளியான பக்கத்தின் மேற்பகுதியில் அதே ரேமண்டின் 'ஜங்கிள் ஜிம்' இருந்தது. பல பதிப்புகள் அதை வெட்டிவிட்டன. 2011இல் தொடங்கிய பெருவடிவப் பதிப்பு இரண்டையும் ஒரே பக்கத்தில் சேர்த்தது. விலைதான் மிகுதி! கல்கி இதழ்களிலிருந்து 'பொன்னியின் செல்வ'னைப் பிரித்துத் தைத்து வைத்த நம் பாட்டிமாருக்கு இது விளங்கும். மணியத்தின் ஓவியங்களோடு படித்தவர்களுக்குப் படமில்லாப் பதிப்பு வேறு நூல்.

ஒன்றை மறைக்கலாகாது. பக் ரோஜர்ஸின் பகைவர்கள் மங்கோலியர். ஃபிளாஷ் கார்டனின் கொடுங்கோலன் மிங், ஆசியச் சாயலில் வரையப்பட்டவன். அன்றைய அமெரிக்காவின் 'மஞ்சள் அபாய' அச்சம் இது. படிக்கும்போது எனக்குக் கூசும். ஆயினும் அதை நீக்கிப் பதிப்பிப்பதை நான் ஏற்கேன். விண்கலத்தையும் கதிர்த் துப்பாக்கியையும் கற்பனை செய்யத் தெரிந்தவர்களுக்கு அண்டை மனிதனைக் கற்பனை செய்யத் தெரியவில்லை என்பதற்கு அந்தப் பக்கங்களே சான்று. ஒழுங்குபடுத்திய பதிப்பு அச்சான்றையும் அழித்துவிடும்.

என்னிடமுள்ள தொகுதி ஒன்றை அந்த மேசைமேல் வைத்திருக்கிறேன். சற்றுக் கனமானது, இரண்டு கைகளாலும் எடுங்கள். சில பக்கங்களில் மூலத்தாளின் மடிப்புக்கோடு படத்தின் குறுக்கே ஓடுகிறது. அச்சுப்பிழை என்று எண்ணிவிடாதீர்கள். எவரோ ஒருவர் அந்த ஞாயிற்றுக்கிழமை படித்துவிட்டு மடித்து வைத்தது அது.