ஏரியும் ஊர்ச் சபையும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



நீர்வளம் காத்தல் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். சற்றுத் தொலைவு சென்று, இராஜஸ்தான் மாநிலத்து அல்வர் மாவட்டத்திலிருந்து தொடங்குகிறேன்.

1985-ஆம் ஆண்டில் இராஜேந்திர சிங் என்னும் இளைஞர் அங்குள்ள கோபால்புரா என்ற சிற்றூரை அடைந்தார். அவர் ஆயுர்வேதம் பயின்றவர். மருத்துவமும் கல்வியும் அளிப்பதே அவர் எண்ணம். ஊர்ப் பெரியவர் ஒருவரோ, தங்கள் முதல் தேவை தண்ணீரே என எடுத்துரைத்தார். அன்று மேற்கொண்ட பணியே அவருக்கு வாழ்நாள் தொழிலாயிற்று. 2001-இல் மகசேசே பரிசும், 2015-இல் ஸ்டாக்ஹோம் தண்ணீர்ப் பரிசும் அவரைத் தேடி வந்தன.

அவ்வூரார் கட்டியது ‘ஜோஹாட்’ எனப்படும் பிறைவடிவ மண்கரை. சரிவில் ஓடிவரும் மழைநீர் அதில் தேங்கி, மண்ணுள் இறங்கி, கிணறுகளில் ஊறும். இது முன்னோர் கண்ட முறையே. பேணுவாரின்றித் தூர்ந்து கிடந்தது. மேட்டுப் பகுதிகளில் ஒன்றன்பின் ஒன்றாக இவை எழுந்தபின், மழைக்காலத்தில் மட்டும் ஓடிய அர்வரி ஆற்றில் 1990-களின் நடுவில் ஆண்டு முழுவதும் நீர் ஓடலாயிற்று.

நீர் வந்தது, வழக்கும் உடன் வந்தது. ஆற்றில் பெருகிய மீனைப் பிடிக்கும் உரிமை 1996-இல் ஒப்பந்தக்காரருக்கு அளிக்கப்பட்டது. ஊரார் எதிர்த்து நின்றனர், உரிமை நீக்கப்பட்டது. அதன்பின் 1999-இல் ஏறத்தாழ 70 ஊர்களின் பிரதிநிதிகள் கூடி ‘அர்வரி நாடாளுமன்றம்’ கண்டனர். சட்ட அதிகாரம் ஏதும் அதற்கில்லை. எனினும், கரும்பு போன்று மிகுதியாக நீர் வேண்டும் பயிர்களை வைக்கலாகாது என்று விதி செய்தது.

ஜோஹாட் கட்டுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நம் மாநிலத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் இருக்கின்றன. பல இடங்களில் ஓர் ஏரியின் கலங்கலில் வழியும் நீரே அடுத்த ஊர் ஏரியை நிரப்புகிறது. மேலூரார் கலங்கல்மீது மணல்மூட்டை அடுக்கினால் கீழூரார் வயல் காயும். கீழூரார் இரவில் சென்று கலங்கலை உடைத்தால் இரண்டு ஊருக்கும் நட்டம். ஆகவே, நாம் கொள்ளத்தக்கது அவர்களது கரையன்று, சபையே என்பது என் கருத்து.

ஏரியைத் தூர்வாரப் பணம் கேட்டு என்னிடம் வருவோர் பலர். வரத்துக்கால்வாயின் ஆக்கிரமிப்பை அகற்றக் கேட்டு வருவோர் மிகச் சிலர். காரணம் தாங்கள் அறியாததன்று. ஆக்கிரமித்தவர் உறவினராக இருப்பார். சில வேளைகளில் உறுப்பினராகவே இருப்பார். (சிரிப்பு) வரத்து இல்லாத ஏரியை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் பள்ளம்தான் மிஞ்சும். குடிமராமத்துக்கு வராதவரிடம் தண்டம் வசூலிக்க 1858-லேயே சட்டம் இயற்றினார்கள். தண்டத்துக்கு அஞ்சி வந்தவர்களால் ஏரிகள் பிழைக்கவில்லை.

மார்ச்சு 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடும். அதற்கு முன்பாக, ஒரே கால்வாயால் நீர் பெறும் ஊராட்சிகளின் உறுப்பினர்கள், தலைப்பு முதல் கடைசி ஏரி வரை சேர்ந்து நடந்து பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரையும் புல வரைபடத்தோடு அழைத்துச் செல்லுங்கள். கால்வாயின் அகலம் வரைபடத்தில் எவ்வளவு, தரையில் எவ்வளவு, கலங்கலின் உயரம் என்ன என்பவற்றைக் குறித்து, எல்லா ஊர்த் தீர்மானங்களிலும் ஒரே சொற்களில் எழுதுங்கள். அத்தீர்மானங்களோடு வாருங்கள், வட்டாட்சியர் அலுவலகத்திற்கு எழுதி நில அளவரை வரவழைப்பது என் பொறுப்பு.