விடைபெறும் வேளை



திருகோணமலை உட்துறைமுக வீதியில் மாலையில் உலாவுவோர் செவியில் ஒரு வினா அடிக்கடி விழும்: “தோனி இன்னும் ஆடுவாரா, மாட்டாரா?” கடலுக்கு அப்பாலுள்ள சென்னை அணியின் பொருட்டு இங்கே நண்பர்கள் பிணங்குவதும் உண்டு.

2020 நவம்பரில், சென்னை அணிக்காக இதுவே இறுதி ஆட்டமோ என்று வினவியபோது, “நிச்சயமாக இல்லை” என்றார் தோனி. 2021இலும் 2023இலும் கிண்ணம் வென்று தந்தார். 2024இல் தலைமையை ருதுராஜ் கெய்க்வாட் ஏற்றார். 2025 மார்ச் 28ஆம் நாள் சேப்பாக்கத்தில், பெங்களூர் அணி வைத்த இலக்கு 197. அன்று தோனி ஒன்பதாவதாகவே துடுப்பெடுத்தாட வந்தார். அணி 50 ஓட்டங்களால் தோற்றது. முழங்கால் நிலையினால் அவரால் பத்து ஓவர்கள் முழு வேகத்துடன் ஆட இயலாது என்றார் பயிற்றுநர் பிளெமிங். அவ்வாண்டு சென்னைக்குக் கிட்டியது கடைசி இடம். மே மாதத்திலோ, முடிவெடுக்க நான்கைந்து மாதங்கள் உண்டு என்றார் தோனி.

இரசிகர் சினம் கொண்டதில் வியப்பில்லை. “ஆடுவதாயின் முன்னே வரட்டும், இன்றேல் இளைஞருக்கு இடம் விடட்டும்” என்பது நியாயமே. ஆயினும் நம் பங்கையும் எண்ண வேண்டும். தோனியைக் காணும் ஆவலில், தாம் ஆட்டமிழப்பதையே கூட்டம் விரும்புகிறது என்று 2023இல் ஜடேஜா கூறினாரே! அணியினும் ஒருவரைப் பெரிதாக்கியவர் நாம் அல்லவா?

கப்பல் புறப்படும் நாள் தெரிந்தால், கரையில் நிற்போர் கையசைத்து மகிழ்வோடு வழியனுப்புவர். நாளைச் சொல்லுதல் வீரர் கடன். சொன்னதும் மனமுவந்து விடை கொடுத்தல் நம் கடன்.