பொறுமை என்பது காய்ச்சலை மறைப்பது அல்ல

(கீமோ சிகிச்சை பெறும் முதியோரின் குடும்பத்தினர் கூட்டத்தில், நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் குழு சார்பில் ஆற்றிய உரை)





நம் ஊர்களிலிருந்து அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் போகும் பெரியவர்களுக்கு நாங்கள் துணையாகப் போய் வருகிறோம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு மனு எழுதித் தருகிறோம். ரயில் கட்டணச் சலுகைக்குப் படிவம் நிரப்பித் தருகிறோம். இத்தனையும் செய்தும், முக்கியமான ஒன்றைச் சொல்லத் தவறிவிட்டோம். முதலில் அதைச் சொல்கிறோம்.

எழுபது வயது தாண்டிய ஒரு பெரியவர், இரண்டாவது கீமோ ஏற்றிக்கொண்டு உழவன் எக்ஸ்பிரஸில் ஊர் திரும்பினார். பத்தாம் நாள் இரவு குளிர்காய்ச்சல். "பிள்ளைகள் அலைந்து களைத்திருக்கிறார்கள், எழுப்ப வேண்டாம்" என்று போர்த்திக்கொண்டு திக்ரு ஓதியபடி படுத்திருந்தார். சுபுஹு தொழுகைக்கு எழுந்தவர் ஒளுச் செய்யும்போதே சாய்ந்துவிட்டார். வெள்ளணு அடிமட்டத்துக்கு இறங்கி, கிருமி ரத்தத்தில் பரவியிருந்தது. பல நாள் சிகிச்சைக்குப் பின், அல்ஹம்துலில்லாஹ், பிழைத்தார். "சபுர் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்" என்றார். தவறு அவருடையது அல்ல. காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்று நாங்கள் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் அணுக்களைத் தாக்குகிறது. புற்று அணுக்களோடு முடி, வாய், குடல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் நல்ல அணுக்களும் அடிபடுகின்றன. முடி கொட்டுவதும், வாய்ப்புண்ணும், பேதியும், வெள்ளணு குறைவதும் அதனால்தான். பெரும்பாலும் மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளணு மிகவும் குறையும். அதாவது ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு. வயதானவர்களில் சிலருக்குக் காய்ச்சல்கூடத் தெரியாது. தள்ளாட்டமும் பிதற்றலும் மட்டுமே இருக்கும்.

ஆகவே வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், இரவு எத்தனை மணியானாலும் புறப்படுங்கள். பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை அமுக்கிவிட்டுப் படுக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். சென்னைக்கு ரயில் பார்க்க வேண்டாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். போனதும் முதல் வார்த்தையாக, "இவர் கீமோ ஏற்றியவர், இன்று இத்தனையாவது நாள்" என்று சொல்லி, சிகிச்சைக் குறிப்பேட்டைக் காட்டுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

வாய்ப்புண்ணுக்கு: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து, நாளுக்கு நான்கைந்து முறை கொப்பளிக்கலாம். காரம் குறைத்து, நோன்புக் கஞ்சிபோல் குழைய வைத்ததைக் கொடுங்கள். நம் பக்கத்துப் பழைய சோறும் நீராகாரமும் இந்த நாட்களில் வேண்டாம். அப்போது வடித்த சோறே நல்லது.

வாந்தியும் பேதியும் நிற்காவிட்டால் உடம்பில் நீர் வற்றும். அப்போது ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வழக்கம்போல் விழுங்காமல் டாக்டரிடம் கேளுங்கள். கீமோவோடு தரும் ஸ்டீராய்டு மருந்தால் சர்க்கரை ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள். கருஞ்சீரகமோ நாட்டு மருந்தோ சாப்பிட்டால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

சில மருந்துகளால் பாதம் மரத்துப்போகும். சிலருக்குக் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே விரல் சுரீர் என்று குத்தும். அத்தகையவர்களுக்கு ஒளுவுக்கு வெந்நீர் எடுத்து வையுங்கள். பள்ளிவாசல் ஹவுளின் வழுக்கும் படிகளில் தனியே இறங்க விடாதீர்கள். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம். அதுவும் முடியாதவர் படுத்துத் தொழலாம். தண்ணீர் ஆகாதவருக்குத் தயம்மும் இருக்கிறது.

நோன்பைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். சூரத்துல் பகராவின் 184, 185ஆம் வசனங்களில் நோயாளிக்குச் சலுகை இருக்கிறது. குணமான பின் களாச் செய்யலாம். குணமாகும் நம்பிக்கை இல்லாதவர் ஃபித்யா கொடுப்பது பற்றி ஆலிமிடம் கேளுங்கள். அல்லாஹ் கொடுத்த சலுகையை ஏற்பது ஈமானின் குறைவு அல்ல. மாத்திரை நேரத்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் நீங்களாக மாற்றாதீர்கள்.

நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத். ஆனால் சளி, இருமல் உள்ளவர்கள் தொலைபேசியிலேயே ஸலாம் சொல்லுங்கள். வருபவர்கள் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுங்கள்.

வீட்டுப் பெரியவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நள்ளிரவில் பிள்ளையை எழுப்புவது தொந்தரவு ஆகாது. அத்தாவுக்கும் அம்மாவுக்கும் எழுந்து ஓடும் பாக்கியத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். வலியைத் தாங்குவது சபுர். வலியைச் சொல்வது சபுருக்கு எதிரானது அல்ல.

இனி நம் உதவி பெறும் ஒவ்வொரு நோயாளிக்கும் பயணச் சீட்டோடு ஒரு தெர்மாமீட்டரும் தருவோம், இன்ஷா அல்லாஹ். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.