கடலூரில் செருமானியப் போர்மறவர்



வணிகக் கும்பினியின் எழுத்தராய் வந்த இராபர்ட்டு கிளைவு, 1747இல் கடலூர்ப் புனித தாவீது கோட்டையில் படைப்பதவி பெற்றார். அவரை வரலாறு மறக்கவில்லை. அதே கும்பினியின் பணிக்காகச் செருமனியின் அனோவர் நாட்டில் 1781இல் இரு படைப்பிரிவுகள் திரட்டப்பட்டன. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் சார்சே அனோவருக்கும் ஆட்சியாளர் என்பதே காரணம். 1783 சூன் 13 அன்று அவ்வீரர் கடலூரில் பிரெஞ்சியரோடு பொருதனர். ஐரோப்பாவிலோ சனவரியிலேயே இரு நாடுகளும் முதல்நிலை அமைதி உடன்படிக்கையில் கையொப்பமிட்டுவிட்டன! அச்செய்தி கடல் கடந்து வருமுன் மாண்டோர் பலர்.

யாருடைய வாணிகத்துக்காகவோ நம் மண்ணில் வீழ்ந்த அவ்வுழவர் மகனையும் நெசவாளர் மகனையும் யார் பாடுவது? கையறுநிலை பாடிய மரபினரே, அக்கடன் நம்முடையதன்றோ?