யானைக்கும் தண்ணீர், ஊருக்கும் உரிமை
(பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஆற்றிய உரை)



ஒரு குடியானவன் பாடுபட்டு அமைத்த தண்ணீர்த் தொட்டியை ஓர் இரவில் யானைக் கூட்டம் உடைத்துவிட்டுப் போகிறது. மறுநாள் அவனிடம் சென்று, "யானை உலகத்தின் செல்வம், அதைக் காப்பாற்று" என்று சொன்னால் அவன் என்ன பதில் கூறுவான்? "உலகத்தின் செல்வத்திற்கு நான் ஒருவன் மட்டும் ஏன் விலை கொடுக்க வேண்டும்?" என்றுதான் கேட்பான். ஆப்பிரிக்காவின் தென்மேற்கிலுள்ள நமீபியா நாட்டு மக்கள் இக்கேள்விக்குத் தேடிய விடையைத் தங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நமீபியா வறண்ட பூமி. அதன் வடமேற்கே காவோகோவெல்ட் பிரதேசத்தில் ஹிம்பா, ஹெரேரோ மக்கள் ஆடுமாடு மேய்த்து வாழ்கின்றனர். பாலைநிலத்தில் வாழப் பழகிய யானைகளும் கறுப்புக் காண்டாமிருகங்களும் அங்கே உண்டு. 1980ஆம் ஆண்டை ஒட்டி வந்த கொடிய வறட்சியில் கால்நடைகளில் பெரும்பகுதி மடிந்தது. பசித்தவன் வேட்டைக்குப் போனான். தந்தத்திற்கும் கொம்பிற்கும் ஆசைப்பட்டு வெளியாரும் வந்தார்கள். நாடு அந்நாளில் தென்னாப்பிரிக்காவின் ஆளுகையில் இருந்தது.

அந்தச் சமயத்தில் கார்த் ஓவன்-ஸ்மித் என்னும் வனப் பாதுகாப்பாளர் ஊர்த் தலைவர்களை நாடிச் சென்றார். ஜோஷுவா கங்கோம்பே முதலிய தலைவர்கள் தங்கள் ஜனங்களிலிருந்தே காவலர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். காட்டையும் விலங்கின் அடிச்சுவட்டையும் அறிந்த மனிதர்கள் அவர்கள். ஊதியமோ மக்காச்சோள மாவும் சிறு தொகையுமே. ஆயினும் அவர்கள் தலைவரின் ஆட்கள், ஊரின் ஆட்கள். வேட்டைத் திருட்டு குறையத் தொடங்கிற்று.

காவல் கிடைத்தது, உரிமை கிடைக்கவில்லை. தனி நிலம் வைத்திருந்த வெள்ளையர் பண்ணைகளில் விலங்குகளால் வரும் ஆதாயம் பண்ணையாருக்கே என்று சட்டம் முன்பே சொல்லியிருந்தது. பொதுநிலத்தில் வாழ்ந்த கறுப்பின மக்களுக்கு அது இல்லை. 1990இல் நாடு விடுதலை பெற்றது. 1996ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அந்த உரிமையைப் பொதுநில மக்களுக்கும் அளித்தது. ஆனால் ஊரார் ஒரு சங்கமாகக் கூட வேண்டும். அதற்கு எல்லை வரையறுக்கப்பட வேண்டும், அங்கத்தினர் பட்டியல் வேண்டும், மக்களின் பிரதிநிதிகளாக ஒரு கமிட்டி வேண்டும், எழுதிவைத்த விதிகள் வேண்டும், வருவதை எப்படிப் பங்கிடுவது என்ற திட்டமும் வேண்டும். எல்லையை முடிவு செய்வதே பல இடங்களில் வெகுகாலம் பிடித்தது. அண்டை ஊருடன் எல்லைத் தகராறு என்பது எல்லா நாட்டாருக்கும் பொதுச் சொத்துப் போலும்!

கன்சர்வன்சி எனப்படும் இச்சங்கங்களில் முதல் நான்கு 1998இல் பதிவாயின. இன்று 80க்கு மேற்பட்டவை உள்ளன. நாட்டின் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அவற்றின் எல்லைக்குள் அடங்கும். காவலர் ஒவ்வொருவரும் ஒரு நிகழ்ச்சிப் புத்தகம் வைத்திருக்கிறார். எந்த விலங்கை எங்கே கண்டார், யாருடைய ஆட்டைச் சிறுத்தை கொன்றது என்பதெல்லாம் அதில் ஏறும். கணக்கு தலைநகருக்குப் போய் மறைந்துவிடுவதில்லை. புத்தகம் ஊரிலேயே இருக்கிறது. நம் பஞ்சாயத்துக் கணக்குகளைப் பார்ப்பவன் என்ற முறையில் இதுவே என் மனத்தை மிகவும் கவர்ந்தது.

வருமானம் பெரும்பாலும் சுற்றுலா விடுதிகளிலிருந்து வருகிறது. அளவுக்குட்பட்ட வேட்டையிலிருந்தும் வருகிறது. காப்பதற்கு வேட்டையா என்று கேட்போர் உலகெங்கும் உண்டு. எனக்கும் அதை எளிதில் ஏற்க மனம் வரவில்லை. ஆயினும் எத்தனை விலங்கு என்று அளவு வகுப்பது சர்க்கார். இறைச்சியும் பணமும் ஊருக்குச் சேர்கின்றன.

குறையும் உண்டு; அதை மறைப்பது நியாயமன்று. ஆதாயம் பொதுவாகிறது, நஷ்டமோ ஒரு வீட்டின்மேல் விழுகிறது. சிங்கம் பட்டியில் புகுந்தால் இழப்பவன் ஒருவன். விடுதிப் பணம் எல்லாருக்கும். அப்பணத்திலும் கணிசமான பகுதி காவலர் சம்பளத்திற்கும் வண்டிச் செலவிற்கும் போய்விடுகிறது. மாடு இழந்தவனுக்குத் தரும் தொகை மாட்டின் முழு விலைக்கு ஈடாவதில்லை. 2020இல் பெருந்தொற்றால் பயணிகள் வரவு நின்றபோது சங்கங்களின் வருமானமே ஆட்டங்கண்டது. சர்க்காரும் உதவி நிறுவனங்களும் நிதி திரட்டிக் காவலர் ஊதியத்தைத் தாங்க வேண்டியதாயிற்று. ஒரே வரும்படியை நம்பி நிற்பதன் ஆபத்து அன்று எல்லாருக்கும் புலப்பட்டது.

தொடக்கத்தில் சொன்ன தொட்டிக்கு வருகிறேன். 1998இல் பதிவான நான்கில் ஒன்றான கோவாதி-ஹோவாஸ் சங்கத்தின் பெயருக்கே யானைகளின் மூலை என்று பொருள். அங்கே தாகங்கொண்ட யானைகள் தொட்டிகளையும் குழாய்களையும் உடைத்துவந்தன. யானையை விரட்டினால் அது அடுத்த ஊர்த் தொட்டிக்குத்தான் போகும். ஆகவே தொட்டியைச் சுற்றிக் கனத்த கற்சுவர் எழுப்பினார்கள். யானைகளுக்கென்று தனியே குடிநீர்த் துறைகளும் அமைத்தார்கள். தண்ணீரை இறைக்க டீசல் வேண்டுமே, யானை குடிக்கும் தண்ணீருக்குக் குடியானவனா பணம் கட்டுவது என்ற கேள்வி எழுந்தது. டீசலுக்குச் சங்கம் தன் வருமானத்திலிருந்து கொடுத்தது.