தட்டில் உயரும் சோற்றுமலை

(மதுரைத் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1895-இல் முல்லைப் பெரியாற்று அணைநீர் வைகையை அடைந்தது. மேலூர்ப் புன்செய்கள் நன்செய்களாயின. ஏழையர் பலர்க்குத் திருநாளுணவாயிருந்த நெற்சோறு மெல்ல மெல்ல நாளுணவாயிற்று. அந்நீரை நான் பழிக்கவில்லை. அது பசி தீர்த்த நீர். ஆயின் அன்று அச்சோற்றை உண்டவர் ஏர் பிடித்தனர். இன்று நம்முட் பலர் நாள்முழுதும் நாற்காலியில் அமர்ந்திருக்கின்றோம். காலையில் இட்டிலி, நண்பகலில் சோறு, இரவில் புரோட்டா. மூன்று வேளையும் மாவே! செலவாகாத மாவு கொழுப்பாகி வயிற்றில் ஏறுகின்றது.

"கேழ்வரகுக்கு மாறினாற் போதும்" என்பார் நம்மவருள்ளும் உளர். நம் தவசம் என்னும் பற்றால் உண்மையை மறைத்தலாகாது. நூறு கிராம் தீட்டிய அரிசியில் மாவுப்பொருள் ஏறத்தாழ 78 கிராம். கேழ்வரகிலோ 70 கிராமுக்கு அணித்து. நார் மிகுதிதான், எனினும் களியையும் அளந்தே உண்ணல் வேண்டும்.

2018-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று 609 பேரை ஓராண்டு ஆராய்ந்தது. மாவைக் குறைத்தோர் 6 கிலோவும் கொழுப்பைக் குறைத்தோர் 5.3 கிலோவும் இளைத்தனர். பெரிய வேறுபாடில்லை. எம்முறையை விடாது கைக்கொள்ள இயலுமோ அதுவே நன்முறை. நம் தட்டில் மிகுந்திருப்பது மாவாதலின், நாம் குறைக்கத்தக்கதும் அதுவே. சோற்றைப் பாதியாக்குங்கள்; அவ்விடத்தைக் கீரையும் சுண்டலும் முட்டையும் அயிரைமீனும் நிரப்பட்டும். எடை குறைந்தபின் பழைய அளவுக்குத் திரும்பினால் எடையும் திரும்பும்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர் மட்டும் மருத்துவரைக் கேளாமல் இதனைத் தொடங்கற்க. மருந்தின் அளவைக் குறைக்காமல் சோற்றை மட்டும் குறைத்தால், குருதியிற் சருக்கரை மிகத் தாழ்ந்து மயக்கம் வரும்.